அது அம்மாவோட துடிப்பு, டாக்டர்

ஈப்போவில் ஒரு மருத்துவமனை. எதுவென்று கேட்க வேண்டாம், சொன்னால் வம்பு. அதன் பிரசவ வார்டில் நர்ஸ் வேலை பார்க்கும் ரோசரி மிஸ்ஸியைத் தெரியாதவர்கள் இல்லை. தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு மற்ற மிஸ்ஸிகள் எல்லாம் சிரித்த முகத்தோடு “பேபி நல்லா இருக்கு” என்று சொல்லும் இடத்தில், இவள் “துடிக்குது, நூத்தி நாப்பது” என்று மட்டும் சொல்வாள். நல்லா இருக்கா என்று திருப்பிக் கேட்டால் கருவியின் சத்தத்தைக் கூட்டி, நீங்களே கேளுங்கள் என்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும் என்று கர்ப்பிணிகளின் மாமியார்கள் வராந்தாவில் முணுமுணுப்பார்கள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. இடது கையால் கருவியைப் பிடித்துப் பிள்ளையின் துடிப்பைக் கேட்கும்போது, அவளுடைய வலது கை விரல்கள் தாயின் மணிக்கட்டில் இருக்கும். இயந்திரமே எல்லாம் காட்டுகிற காலத்தில் இது எதற்கு என்று புதிதாக வந்த பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்று அவள் விட்டுவிடுவாள், விரலை மட்டும் எடுக்க மாட்டாள்.

ரோசரி, சிம்பாங் பூலாய்க்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அதிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டில் தோட்டத்துக் கிராணி ‘டேய்’ என்று கூப்பிட்டபோது, “எனக்கு யேசுதாசன்னு பேரு இருக்கு” என்று பதில் சொன்ன மனிதரின் மகள். அப்படிச் சொன்னதற்காக அவருக்கு மூன்று மாதம் மேட்டுக் காட்டிலேயே பால்மரம் சீவக் கொடுத்தார்கள். மனிதர் ஏறி இறங்கினாரே தவிர வாயை மூடவில்லை. அந்தத் தோட்டம் பிறகு எண்ணெய்க்கான செம்பனையாகி, செம்பனையும் போய் இப்போது வீட்டுமனையாகிவிட்டது. அப்பாவிடமிருந்து மகளுக்கு மிஞ்சிய சொத்து அந்த வாய்தான். குனோங் ராபாட்டில் கணவன் கேப்ரியலோடு ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கிறாள், நாற்பத்து நான்கு வயதிலும் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள்.

இப்படி வாய் நீண்டவள் ஒரு சொல்லை மட்டும் பதினாறு வருடமாக விழுங்கி வைத்திருந்தாள் என்றால் அதற்குக் காரணம் இல்லாமல் போகுமா?

இருபத்தேழு வயதில் அவளுக்குப் பாகான் டத்தோ பக்கம் ஒரு கிராமக் கிளினிக்கில் வேலை. சுற்றிலும் தென்னையும் செம்பனையும். ஒரு பிற்பகல் குணவதி என்றொருத்தி வந்தாள். தென்னந்தோட்டத்தில் வேலை செய்யும் ராமையாவின் மனைவி, எட்டு மாதக் கர்ப்பிணி. உடம்பு காய்ச்சலில் கொதித்தது. பிள்ளை அசையக் காணோம் என்றாள். ரோசரி வயிற்றில் கைக்கருவியை வைத்தாள். துடிப்பு வேகமாகக் கேட்டது, எண் நூற்று முப்பத்திரண்டு என்று காட்டியது. “நல்லா இருக்கு, பயப்படாதீங்க” என்று சொல்லி, தாயின் புத்தகத்தில் அதையே எழுதி, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மாலை பெரிய மருத்துவமனையில் பிள்ளை இறந்தே பிறந்தது. போன் செய்து விசாரித்த ரோசரியிடம், உயிர் போய் இரண்டு நாளாவது இருக்கும், தோலைப் பார்த்தாலே தெரிகிறது என்றார்கள். இரண்டு நாளென்றால் நேற்று அவள் கேட்டது யாருடைய துடிப்பு? காய்ச்சலில் தறிகெட்டு அடித்துக்கொண்டிருந்த குணவதியின் சொந்த நாடி. வயிற்றுக்குள் ஓடும் தாயின் ரத்தக்குழாயைக் கருவி பிடித்துக் காட்டியிருக்கிறது. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். பிள்ளையைக் காப்பாற்றியிருக்க முடியாதுதான். ஆனால் செத்த பிள்ளையை உயிரோடு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தது அவள் கை.

குணவதி அவளைக் குறை சொல்லவே இல்லை. அதுதான் கொடுமை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், “மிஸ்ஸி பார்க்கறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் சாயங்காலம் குனிஞ்சு நின்னு தேங்கா உரிச்சேன்” என்று சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டாள். வாசலில் நின்று அதைக் கேட்ட ரோசரி வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், அவமானம், எல்லாம் சேர்ந்து யேசுதாசனின் மகள் அன்று ஊமையானாள். அடுத்த வருடம் மாற்றல் கேட்டு ஈப்போவுக்கு வந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் மணிக்கட்டில் அந்த இரண்டு விரல், அதற்குப் பிறகுதான் அந்தச் சொல்லுக்குப் பூட்டு.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அறுவை அறையிலிருந்து பிரசவ வார்டுக்கு அழைப்பு வந்தது. சுவர்ணா என்ற ஆசிரியை, முப்பது வாரக் கர்ப்பம், தலைப்பிள்ளை. குடல்வால் வெடித்து வயிற்றில் சீழ் பரவியிருந்தது. உடனே திறந்து கழுவியாக வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு இப்படி ஓர் அறுவை நடந்தால், பிள்ளைக்கென்று ஒருவர் நிற்க வேண்டும். சர்ஜன் குடலைப் பார்ப்பார், மயக்க மருந்து டாக்டர் தாயைப் பார்ப்பார். மேசையில் கிடக்கும் மூன்றாவது ஆளுக்கு வாய் கிடையாது. அதற்கு வாயாக ரோசரியை அனுப்பினார்கள்.

அறைக்கு வெளியே தள்ளுகட்டிலில் சுவர்ணா வலியில் சுருண்டு கிடந்தாள். கணவன் முகுந்தன் கோலாலம்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். கூட நின்றது அவளுடைய அப்பா பஞ்சலிங்கம், அரசாங்கச் சேவையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு சொல் சொன்னால் நாலு பேர் எழுந்து நின்று பழகியவர். ரோசரி துடிப்பைக் கேட்டு முடித்ததும், “நேர்ஸ், பிள்ளை நல்லா இருக்கெண்டு ஒரு சொல் சொல்லுங்கோவன்” என்றார்.

“துடிக்குது ஐயா. நூத்தி அம்பது.”

அவர் முகம் சுருங்கியது. பக்கத்தில் போன ஒரு டாக்டரை நிறுத்தி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இன்னும் மூத்தவர் யாரும் இல்லையா என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். ரோசரிக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்தாரோ என்னவோ. சுவர்ணா மட்டும் அவள் விரல்களை விடாமல் பிடித்துக்கொண்டு, நீங்கள் உள்ளேயே இருப்பீர்களா என்று கேட்டாள்.

“நா எங்கயும் போகமாட்டேன். வலிய கொஞ்சம் தாஹான் பண்ணிக்கம்மா” என்றாள் ரோசரி.

உள்ளே சர்ஜன் டாக்டர் தர்மேந்திரன். கை சுத்தம், வேகம், ஊரெல்லாம் பேர். அறையில் பேச்செல்லாம் ஆங்கிலமும் மலாயும்தான், கோபம் வந்தால் மட்டும் அவருக்குத் தமிழ் வரும். மயக்க மருந்துக்கு டாக்டர் லிம், அதிகம் பேசாத பெண். பிள்ளைக்கு ஆபத்தென்றால் அப்படியே எடுத்துவிட மகப்பேறு டாக்டர் ஒருவர் பக்கத்து அறையில் தயாராக இருந்தார், அதற்கும் சுவர்ணா கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆனால் முப்பது வாரப் பிள்ளையைச் சீழ் நிறைந்த வயிற்றிலிருந்து எடுப்பதை யாரும் விரும்பவில்லை.

கர்ப்பிணியை மட்டமல்லாக்கக் கிடத்தக் கூடாது. கனத்த கருப்பை, முதுகெலும்போரம் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அமுக்கிவிடும். தாய் தாக்குப்பிடிப்பாள், பிள்ளைக்கு மூச்சு முட்டும். அதனால் சுவர்ணாவின் வலது இடுப்புக்கடியில் துணிச்சுருளை வைத்து, மேசையையும் இடப்பக்கம் சற்றுச் சாய்த்திருந்தார்கள். ரோசரி மேசையின் இடப்பக்கம் நின்று, பச்சைத் துணிக்கடியில் கையை விட்டுக் கருவியை வயிற்றின் மேல்பக்கம் பிடித்திருந்தாள். சத்தம் ஆகாது என்று தர்மேந்திரன் சொன்னதால் கருவியின் ஒலியைக் குறைத்துவிட்டார்கள். அவளுக்குக் கிடைத்தது திரையில் ஓடும் எண்ணும் கோடும் மட்டும்தான். தாயின் மணிக்கட்டோ டாக்டர் லிம்மின் பக்கம், எட்டாத தூரத்தில் நீட்டிக் கட்டப்பட்டிருந்தது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அந்த இரண்டு விரலுக்கு வேலை இல்லை.

முதல் இருபது நிமிடம் பிள்ளை நூற்று நாற்பத்தைந்தில் ஓடியது. மயக்க மருந்தில் கோடு கொஞ்சம் சோம்பிக் கிடந்தது, அது எதிர்பார்த்ததுதான். பிறகு வயிற்றுக்குள் சீழ் இடப்பக்கமாக வழிய ஆரம்பித்தது. அது அந்தப் பக்கமும் பரவினால் இன்னொரு வம்பு. ஒரே இடத்தில் தேங்கினால் உறிஞ்சி எடுத்துவிடலாம் என்று தர்மேந்திரன் மேசையை மட்டப்படுத்தச் சொன்னார், இடைஞ்சலாக இருந்த துணிச்சுருளையும் உருவச் சொன்னார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ரோசரி, மேசையை நிமிர்த்தினால் பிள்ளைக்கு ஆகாது என்றாள். இரண்டே நிமிடம் என்றார் அவர். மேசை மட்டமானது.

சிறிது நேரத்தில் எண் மங்கியது. திரையில் கோடு விட்டுப்போனது. ரோசரி கருவியை அரை விரல்கடை நகர்த்தினாள். கோடு திரும்ப வந்தது: நூற்று இருபத்தாறு. உதவிக்கு நின்ற டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, பேபியின் துடிப்பு அழகாக ஓடுகிறது என்று மலாயில் சொன்னார். எல்லாரும் மூச்சு விட்டார்கள்.

ரோசரி மட்டும் விடவில்லை. தலைமாட்டில் தாயின் திரையைப் பார்த்தாள். நூற்று இருபத்தாறு. தன் திரையைப் பார்த்தாள். நூற்று இருபத்தேழு. தாயுடையதும் நூற்று இருபத்தேழு. பாகான் டத்தோவின் அந்தப் பிற்பகல் எழுந்து வந்து பக்கத்தில் நின்றது.

அவள் ஒலியை முழுக்கக் கூட்டிவிட்டு, இடது கையால் கருவியைப் பிடித்தபடியே தலைமாட்டுப் பக்கம் வளைந்து, துணிக்கடியில் சுவர்ணாவின் கழுத்தைத் தேடி இரண்டு விரலை வைத்தாள். கருவி ஒரு தடவை ஒலித்தால் விரலடியில் ஒரு தடவை அடித்தது. இம்மியும் பிசகவில்லை.

சத்தத்தைக் குறை என்றார் தர்மேந்திரன், தலை நிமிராமல்.

“அது அம்மாவோட துடிப்பு, டாக்டர். பிள்ளையோடது இல்ல.”

எண் நன்றாகத்தானே இருக்கிறது, இயந்திரத்தை விட உனக்குத் தெரியுமா என்று அவர் கேட்டார். தமிழில் கேட்டார். ரோசரி கருவியைக் கீழே நகர்த்தி, அழுத்தி, சாய்த்துத் தேடினாள். டாக்டர் லிம் எழுந்து வந்து இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த நேரம் வேறொரு சத்தம் அறைக்குள் வந்தது. தயங்கித் தயங்கி, நடக்க முடியாத ஆள் படியேறுவது போல. எழுபத்தெட்டு.

மேசையைச் சாய்க்கச் சொன்னாள் ரோசரி. உறிஞ்சி முடிக்க இன்னும் ஒரு நிமிடம் வேண்டும், சாய்த்தால் சீழ் முழுக்க அந்தப் பக்கம் போய்விடும் என்றார் தர்மேந்திரன். வயிற்றுக்குள் கையை வைத்திருப்பவர் சொன்னால் அந்த அறையில் மறுபேச்சு கிடையாது. மிஸ்ஸிகள் மறுத்துப் பேசிப் பழக்கமும் இல்லை.

“சீழ கழுவிக்கலாம் டாக்டர். இது நின்னுட்டா என்ன செய்வீங்க?”

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கருவியை விட்டுவிட்டு, துணிக்கடியில் இரண்டு கையையும் விட்டு, கருப்பையை அணைத்துப் பிடித்துத் தன் பக்கமாகத் தூக்கி இழுத்தாள். தர்மேந்திரன் சட்டென்று கையை எடுக்க வேண்டியதாயிற்று. கையில் கத்தி இல்லாதது நல்லதாகப் போயிற்று. அவர் திட்டினார். என்ன திட்டினார் என்பது இங்கே வேண்டாம். தோட்டத்தில் ஆளை விரட்டி வேலை வாங்கும் மண்டோர் கேட்டாலும் காதைப் பொத்தியிருப்பார். ரோசரி பிடியை விடவில்லை. டாக்டர் லிம் மேசையை இடப்பக்கம் சாய்த்து, தாயின் ரத்த அழுத்தத்தை ஏற்ற ஊசி மருந்தைச் செலுத்தினார். பிறகு ரோசரியின் கருவியைத் தானே எடுத்துப் பிள்ளை இருந்த இடத்தில் பிடித்தார். பக்கத்து அறையிலிருந்த மகப்பேறு டாக்டர் கையுறையோடு வாசலில் வந்து நின்றார்.

எண்பது. எண்பது. எழுபத்தாறு. ரோசரி ஜெபம் சொல்லப் பார்த்தாள், முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. எண்பத்தெட்டு. நூற்றுப் பத்து. பிறகு யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி மளமளவென்று ஏறி நூற்று நாற்பதில் நின்றது. தாயின் திரையில் நூற்று இருபது. இப்போது இரண்டும் வேறு வேறு.

மிச்ச அறுவை சாய்ந்த மேசையிலேயே நடந்தது. சீழ் பரவத்தான் செய்தது. தர்மேந்திரன் அதையும் தேடிக் கழுவி எடுத்தார், நாற்பது நிமிடம் கூடுதலாக. அவர் கைத்திறனைக் குறை சொல்ல முடியாது.

மயக்கம் தெளிந்ததும் சுவர்ணா கேட்டதும், பிள்ளை நல்லா இருக்கா என்ற அதே கேள்விதான். ரோசரி அவள் விரலை எடுத்து அவளுடைய மணிக்கட்டிலேயே வைத்தாள். “இது நீ” என்றாள். கருவியின் ஒலியைக் கூட்டி, “அது உம்புள்ள. ரெண்டும் வேற வேற. கேட்டுக்க” என்றாள். சுவர்ணா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே தூங்கிப் போனாள். வாசலில் நின்ற பஞ்சலிங்கம் இந்தத் தடவை ஒரு சொல்லும் கேட்கவில்லை. தள்ளி நின்று அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வாரம் ரோசரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. சர்ஜனின் அனுமதியின்றி அறுவையில் தலையிட்டது, சுத்தப் பகுதிக்கு அருகே கையை விட்டது, இதற்கு என்ன பதில், இனிமேல் நடக்காது என்று உறுதி தர முடியுமா. தாளில் நாலு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் அத்தோடு முடிந்துவிடும் என்று மேட்ரன் ஜூடித் சொன்னார். நல்ல மனுஷி, ரோசரியின் மேல் அக்கறை உள்ளவர்.

ரோசரி மூன்று பக்கம் எழுதினாள். இரண்டு எண்ணும் ஒன்றாக ஓடியதை இயந்திரம் பதிந்த தாளின் நகலை இணைத்தாள். உறுதி தர முடியாது என்றும், நாளைக்கே இப்படி நடந்தாலும் இதையேதான் செய்வேன் என்றும் எழுதினாள். கடைசிப் பக்கத்தில், இது தனக்கு எப்படித் தெரிந்தது என்று எழுதினாள். பாகான் டத்தோ, நூற்று முப்பத்திரண்டு, நல்லா இருக்கு என்று தன் கையால் எழுதிய புத்தகம், இறந்து பிறந்த பிள்ளை, எல்லாவற்றையும்.

படித்து முடித்த ஜூடித் கதவைச் சாத்தினார். யாரும் கேட்காத பழைய கதையைச் சொல்லி உன் கழுத்துக்கு எதற்கு நீயே கயிறு எடுத்துக் கொடுக்கிறாய் என்றார். கடைசிப் பக்கத்தை மட்டும் எடுத்துவிடு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

“அத எடுத்தா மத்த ரெண்டு பக்கமும் பொய்யாயிடும் மேட்ரன். அப்படியே அனுப்புங்க லா.”

அப்படியே போயிற்று. டாக்டர் லிம் தன் பங்குக்கு நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்திருந்தார். முடிவில் ரோசரிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் பாகான் டத்தோவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பழைய விஷயம் என்று தள்ளிவிட்டார்கள். சுவர்ணாவுக்குப் பத்து வாரம் கழித்து ஆண் பிள்ளை பிறந்தது, ஆரணன் என்று பெயர் வைத்தார்கள். வார்டே பாயசம் குடித்தது. ரோசரி மட்டும் தன் பங்கை அப்படியே வைத்துவிட்டாள். உண்மையை அதிகாரிகளுக்கு எழுதியாயிற்று. அவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை. தேவைப்பட்டவள் வேறு இடத்தில் இருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கேப்ரியலைக் காரை எடுக்கச் சொன்னாள். எங்கே என்று கேட்டதற்கு, பாகான் டத்தோ என்றாள். கேப்ரியல் சாவியை எடுத்தான்.

அதே வீடுதான். வாசலில் தேங்காய் குவிந்து கிடந்தது, பக்கத்தில் உரிக்கிற கம்பி நட்டிருந்தது. குணவதிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பின்னால் பிறந்த இரண்டு பெண்களும் பள்ளியில் நன்றாகப் படிக்கிறார்கள் என்றாள். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, மிஸ்ஸி வந்திருக்காங்க என்று உள்ளே குரல் கொடுத்தாள். ராமையா வந்து தேங்காய் ஒன்றை எடுத்துக் கம்பியில் குத்தி உரிக்க ஆரம்பித்தார். சமையலுக்கும் தினமும் தான்தான் உரிப்பதாகச் சிரித்தபடி சொன்னார், அன்றைக்கு அப்புறம் அவள் தொடுவதில்லையாம்.

ரோசரி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். அன்றைக்கு நான் கேட்டது பிள்ளையின் துடிப்பு அல்ல, உன்னுடையது. நீ கிளினிக்குக்கு வரும் முன்னாலேயே பிள்ளை போய்விட்டது. மறுநாளே எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

குணவதி அவளை வெறித்துப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கி நாளை எண்ணினாள்.

“அப்ப நா தேங்கா உரிச்சதால இல்லியா?”

“இல்ல. நீ ஒண்ணுமே செய்யல.”

“பதினாறு வருஷம், மிஸ்ஸி.”

“ஆமா” என்றாள் ரோசரி. மன்னிப்புக் கேட்க வந்தவள், அதைக் கேட்கத் தனக்கு அருகதை இல்லை என்று அப்போது உணர்ந்தாள். திட்டினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

குணவதி திட்டவில்லை, அழவும் இல்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினாள். குவியலிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துக் கம்பியில் ஓங்கிக் குத்தித் திருகினாள். மட்டை பிளந்தது. உரித்ததை எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்தது. கை பழக்கத்தை மறந்திருக்கவில்லை. ஐந்தாவது தேங்காய்க்கு மூச்சு வாங்கியது. ஒதுங்கி உட்கார்ந்திருந்த ராமையா போதும் என்று கையை நீட்டிக்கொண்டு எழுந்தார்.

“நீங்க உக்காருங்க” என்றாள் குணவதி, ஆறாவதை எடுத்தபடி.